நோகாமற் பெற்றாளாம்!

(ஒரு தாய் எழுதுவது)

"நோகாமற் பெற்றவள்!"

வயிற்றைக் கீறி மகவை எடுத்தார்கள் என்ற செய்தி காதில் விழுந்த மறுகணமே நம்மவர் நாவிற் பிறக்கும் சொல் இது. பிறந்தது ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு முன்னரே இது பிறந்துவிடுகிறது. தாய் பிழைத்தாளா என்ற கேள்விக்கும் முன்னரே பிறந்துவிடுகிறது. எழுத்தறியாதவர்கள் சொல்கிறார்கள் என்று எண்ணி ஆறுதலடைய வேண்டாம். பட்டம் பெற்றோரும் பதவியில் அமர்ந்தோரும் சொல்கிறார்கள். ஆண்கள் அறியாமற் சொல்கிறார்கள் என்றும் எண்ண வேண்டாம்; பிள்ளை பெற்ற பெண்களே முந்திக்கொண்டு சொல்கிறார்கள்!

சென்ற மாதம் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றுப் பத்தொன்பது நாளேயான இளம்பெண் கிணற்றடியில் நின்றாள். ஒரு கையில் நிறைவாளித் தண்ணீர். மறு கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. "ஏன் பிள்ளை உனக்கு இந்த வேலை?" என்று கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. திண்ணையில் இருந்த அவளுடைய மாமி மறுமொழி சொன்னார்: "அவளுக்கென்ன, நோகாமப் பெத்தவள்தானே!"

இதே சொல் ஒருநாள் என் முகத்திலும் எறியப்பட்டது. அன்று நான் படுக்கையிற் கிடந்தேன். மறுமொழி சொல்ல வலுவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

நடந்தது இது

நான் ஓர் ஆசிரியை. என் கணவர் வன்னியிற் கமஞ் செய்பவர். 2019-ஆம் ஆண்டு மாரியில் எனக்கு முதற் பிரசவம். ஒரு மாலையில் நோவு தொடங்கியது. மறுநாள் மாலையிலும் பிள்ளை பிறக்கவில்லை. இருபத்துநான்கு மணிநேரம் நோவு தின்றவளைத்தான் பின்னர் 'நோகாமற் பெற்றவள்' என்றார்கள் என்பதை வாசகர்கள் மனத்திற் குறித்துக்கொள்ளுங்கள். பிரசவ நோவை முழுதும் பட்டு, அதன்மேற் கத்தியையும் ஏற்றவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களுக்கு நோவு ஒன்றல்ல, இரண்டு.

பன்னீர்க்குடம் உடைந்தபோது நீர் பச்சை நிறமாக வந்தது. குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலங் கழித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். தலை இறங்கவில்லை. நிமிடத்துக்கு 110-க்கும் 160-க்கும் இடையில் இருக்கவேண்டிய குழந்தையின் இதயத்துடிப்பு, நூறுக்குக் கீழே விழுந்து, ஏறி, மறுபடியும் விழுந்தது. எங்கள் பகுதி வைத்தியசாலையில் அந்நேரம் சத்திரசிகிச்சை செய்ய வசதியில்லை. நோயாளர் காவுவண்டியில் ஏற்றி, மாவட்ட எல்லை கடந்து, ஒரு பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். மாரி மழை தின்ற வீதி. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி விழுந்தெழும்பியபோது என் பக்கத்தில் இருந்த என் தாயார் முருகனைக் கூப்பிட்டார்.

அங்கே ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டார்கள். அதில் இருந்தது எனக்கு வாசிக்கத் தெரியாத மொழி. என்ன செய்யப்போகிறார்கள், ஏன் செய்யப்போகிறார்கள் என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்ல அந்நேரம் அங்கு ஒருவரும் இல்லை. ஒப்பமிட்டேன். பிள்ளை பிழைக்குமென்றால் வெறுந்தாளிலும் ஒப்பமிட்டிருப்பேன்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நோவு அற்றுப்போயிற்று; இழுப்பதும் அமத்துவதும் தெரிந்தன. பிள்ளை அழுத குரல் கேட்டது. அதன் பின்னர் கருப்பை சுருங்க மறுத்தது, இரத்தம் நிற்கவில்லை. வைத்தியர்கள் விரைந்து விரைந்து பேசிக்கொண்டார்கள். நான் சாகிறேனா, பிழைக்கிறேனா என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்தே அறிய முயன்றேன். மூன்று போத்தல் இரத்தம் ஏற்றினார்கள்.

அந்த வைத்தியர்கள் என்னையும் என் மகனையும் காப்பாற்றினார்கள். அதை மறைத்து எழுதினால் நன்றி கொன்றவளாவேன். ஏற்றிய இரத்தமும் யாரோ விலை பெறாது கொடுத்த இரத்தம். கொடுத்தவர் சிங்களவரோ, தமிழரோ, முஸ்லிமோ, நான் அறியேன். இன்று அது என் உடம்பில் ஓடுகிறது. ஆனால், நன்றியுடையவள் நியாயங் கேட்கக் கூடாது என்று எந்த அறநூலும் சொல்லவில்லை.

பெரியமாமியின் சொல்லும் மருத்துவமாதின் கண்ணும்

மறுநாள் தலையை உயர்த்தியதும் மண்டை பிளந்தது. முதுகில் ஊசி போட்டவர்களிற் சிலருக்கு வரும் தலைவலி அது. படுத்தால் தணியும், இருந்தால் கொல்லும். இருந்தாலன்றிப் பிள்ளைக்குப் பால் கொடுப்பது எப்படி? இருமினால் வயிறு கிழிந்துவிடும்போல இருந்தது. தாதிமார் பிடித்து எழுப்பி நடக்கச் சொன்னார்கள். அன்று அவர்களை மனத்துக்குள் வைதேன். கால் நரம்பில் இரத்தங் கட்டிவிடாதிருக்கவே நடக்கவைத்தார்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்றே தமிழில் ஒருவர் சொல்லியிருந்தால் வைதிருக்கமாட்டேன்.

நாலாம் நாள் வீடு. அதே வீதி, அதே பள்ளங்கள், இம்முறை முச்சக்கரவண்டி. ஏழாம் நாள் பெரியமாமி பிள்ளை பார்க்க வந்தார். பிள்ளையைப் பார்த்தார், பின்னர் என்னைப் பார்த்தார். "நான் எட்டுப் பெத்தனான். ஒருநாளும் இப்பிடிக் கிடந்ததில்லை. இவள் நோகாமப் பெத்துப்போட்டுக் கிடக்கிறாள்" என்றார். வெட்கத்தால் எழுந்தேன். அடுப்படிக்குப் போனேன். அன்று முழுவதும் நின்று வேலை செய்தேன்.

எட்டாம் நாள் காய்ச்சல். அன்று எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாது சைக்கிளில் வந்தார். அவர் பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. என் காயத்தையும் திறந்து பார்த்தார். சிவந்து வீங்கி ஓரத்திற் சீழ் கட்டியிருந்தது. "இப்பவே வைத்தியசாலைக்கு" என்றார். மறுபடியும் பதினொரு நாள். தையலைப் பிரித்து, உள்ளிருந்து ஆறிவரும்படி திறந்துவிட்டு, நாள்தோறும் மருந்து வைத்துக் கட்டினார்கள். நிமிர்ந்து நடக்க இரண்டு மாதமாயிற்று.

பெரியமாமியின் ஒரு சொல் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. மருத்துவமாதின் ஒரு பார்வை என்னைச் சுடலையிலிருந்து மீட்டது. இவ்விரண்டில் எது நம் ஊர்களிற் பெருக வேண்டும்? இதுவே என் வழக்கு.

குடலிறக்கம் பெரிதா, பிள்ளைப்பேறு பெரிதா?

வெட்டுவது தோலை மட்டுமா? தோல், அதன்கீழ்க் கொழுப்பு, தசைமேல் உறை எல்லாவற்றையும் வெட்டி, வயிற்றுத் தசைகளை இருபுறமும் விலக்கி, வயிற்றறையின் மென்சவ்வைத் திறந்து, இறுதியாகக் கருப்பையையே வெட்டுகிறார்கள். பின்னர் ஒவ்வொன்றாகத் தைக்கிறார்கள். மேல்தோல் ஒரு வாரத்திற் கூடிவிடும். அதைப் பார்த்துத்தான் ஊர் 'காய்ந்துவிட்டது' என்கிறது. உள்ளே உள்ள உறை வலுப்பெற வாரங்கள் பல வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிள்ளையின் பாரத்துக்கு மேற்பட்ட எதையும் தூக்காதே என்று வைத்தியர் சொல்வது இதற்காகவே.

கமக்காரப் பெருமக்களே! உங்களுள் ஒருவருக்குக் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்தால் என்ன செய்கிறீர்கள்? 'மண்வெட்டியைத் தொடாதே, நெல்மூடை தூக்காதே' என்று ஊரே கூடித் தடுக்கிறது. அயலவர் வந்து தண்ணீர் கட்டிக் கொடுக்கிறார்கள். 'நோகாமல் வெட்டுவித்தவன்' என்று அவரை எவராவது சொன்னதுண்டா? அவருக்கும் ஊசி போட்டு, நோவு தெரியாமற்றானே வெட்டினார்கள்? அவரை இரவில் நாலு முறை எழுப்பிப் பால் கேட்கவும் எவரும் இல்லையே! ஆணின் வயிற்றைக் கீறினால் சத்திரசிகிச்சை. பெண்ணின் வயிற்றைக் கீறினால் சொகுசு. இது எந்த ஊர் நீதி?

'எங்கள் காலத்தில் வெட்டாமலே பெற்றோம்' என்கிறார்கள். பெற்றீர்கள், மறுக்கவில்லை. பெறமுடியாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். 1930-களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அத்தொகை முப்பதை அண்டி நிற்கிறது. 1926-இல் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், அதன் வழியே ஊர் ஊராக வந்த மருத்துவமாதரும், இலவச வைத்தியமும், இரத்த வங்கியும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், தக்க வேளையில் எடுத்த கத்தியும் சேர்ந்து செய்த வேலை இது. அக்காலத்தில் படுத்தவர்கள் இல்லை என்பது பொய். படுத்தவர்கள் எழும்பவில்லை என்பதே மெய்.

யூலியஸ் சீசர் இவ்வாறு பிறந்தார் என்றொரு கதையும் உலாவுகிறது. அவருடைய தாயார் மகன் வளர்ந்து பெரியவனாகும்வரை வாழ்ந்தவர். அக்காலத்தில் வயிற்றைக் கீறியது இறந்துபோன தாயின் உடலையே. 1882-ஆம் ஆண்டு ஜேர்மனியில் சேங்கர் என்ற வைத்தியர் கருப்பையின் வெட்டை முறையாகத் தைத்து மூடும் வழியை வகுத்துக் காட்டும்வரை, கத்திபட்ட தாய் பிழைப்பது அரிதிலும் அரிது. எத்தனையோ தாய்மாரின் சாவின்மேல் எழுந்த அறிவு இது. இதனையா நாம் சொகுசு என்று இகழ்வது?

முப்பத்தொரு நாள் எங்கே?

நம் முன்னோரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அடுப்படிக்கு வரலாகாது, கிணற்றடிக்குப் போகலாகாது. தீட்டு என்ற அதன் பெயர் எனக்கு உடன்பாடன்று. பெற்றவள் தூய்மையற்றவள் என்பதை ஒருபோதும் ஒப்பேன். ஆனால் அப்பெயரின் மறைவில் அவளுக்கு ஒரு மாத ஓய்வு கிடைத்தது. சரக்கரைத்த கறியும் பிறர் கையாற் சமைத்த சோறும் கிடைத்தன. இன்று நாம் என்ன செய்தோம்? கோயிலுக்குப் போவதற்குத் துடக்கை வைத்துக்கொண்டோம். ஓய்வுக்கு வைத்திருந்ததை விட்டுவிட்டோம். சாமி அறைக்குள் கால் வைத்தால் குற்றம். கிணற்றில் வாளி தூக்கினாற் குற்றமில்லை!

விடவேண்டியவற்றை விட்டோமா? அதுவும் இல்லை. 'தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும்' என்று தாகத்தோடு கிடத்துகிறோம். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கினால் காயம் நோகும். இரத்தங் கட்டும் ஆபத்தும் கூடும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அடிவயிற்றில் ஓங்கி ஊற்றுகிறோம். தையலின்மேல் அது என்ன செய்யுமென்று ஒருகணம் எண்ணினோமா? பழமையில் நல்லதை எறிந்து, தீயதைப் போற்றும் இந்த விந்தையை என்னென்பது!

நாள் பார்ப்போர்க்கு ஒரு சொல்

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் என் வழக்கு அரைவழக்காகும். நட்சத்திரமும் முகூர்த்தமும் பார்த்து, 'இந்த நேரத்தில் எடுத்துத் தாருங்கள்' என்று வைத்தியரிடம் கேட்கும் படித்த குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? விடுமுறைக்கும் வசதிக்கும் ஏற்ப நாள் குறிப்போர் இல்லையா? அவர்கள் கேட்கிறார்கள் என்று கத்தியெடுக்கும் வைத்தியர்கள் இல்லையா? தேவையின்றி வெட்டும் ஒவ்வொரு வெட்டும், தேவைக்காக வெட்டுண்டவளின்மேல் விழும் பழிச்சொல்லுக்கு உரம் போடுகிறது.

நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்துக்கு மேற்படுவதற்கு நியாயமில்லை என்று 1985-இல் உலக சுகாதார தாபனம் கூட்டிய அறிஞர்கள் சொன்னார்கள். இலங்கையில் 2016-ஆம் ஆண்டின் ஆய்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பிறப்பு சத்திரசிகிச்சையால் என்று காட்டியது. 2015-இல் அதே தாபனம் இன்னொன்றும் சொன்னது: தொகையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, தேவைப்பட்ட ஒவ்வொரு தாய்க்கும் அது கிடைக்கச் செய்வதே முதன்மை. இரண்டும் உண்மை. ஒருமுறை கீறிய கருப்பையில் அடுத்த கருவின் நச்சுக்கொடி தழும்பிற் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அடுத்த பிரசவ நோவில் தழும்பு விட்டுவிடும் ஆபத்தும் சிறிதளவு உண்டு. முகூர்த்தம் குறித்த சாத்திரியார் அப்பொழுது இரத்தம் கொண்டு வருவாரா?

சட்டம் யாரைக் கண்டது?

நான் அரசாங்க ஆசிரியை. எனக்குச் சம்பளத்துடன் 84 வேலை நாள் விடுமுறை கிடைத்தது. தனியார்துறைப் பெண்களுக்கு 1939-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலன்கள் கட்டளைச்சட்டம் இருக்கிறது. மூன்றாம் பிள்ளைக்கு நாட்களைக் குறைத்து வைத்திருந்த அநீதியும் 2018-இல் நீங்கியது. நல்லது, மெச்சுகிறேன்.

ஆனால் மறுமுறை நான் கிடந்த விடுதியில், பக்கத்துக் கட்டிலிற் கிடந்தவள் நாட்கூலிக்குத் தோட்டத்திற் புல்லுப் பிடுங்குபவள். பிள்ளை பெற்று மூன்றாம் வாரமே வெங்காயத் தறைக்குப் போனாள். காயம் விட்டுவிட்டது. "ஏன் போனாய்?" என்று கேட்டேன். "போகாட்டிச் சம்பளம் ஆர் தாறது, ரீச்சர்?" என்றாள். அவளை அந்தச் சட்டம் தேடி வரவில்லை. சொந்தக் கமத்தில் அருவி வெட்டுக்கு இறங்குகிற கமக்காரன் மனைவியையும் தேடி வருவதில்லை. அரிசியை விளைவிப்பவளுக்கு ஒரு நாள் ஓய்வில்லை. அதை உண்பவளுக்கு 84 நாள்! என் விடுமுறையைக் குறைக்கச் சொல்லவில்லை. அவளுடைய வயிறும் என் வயிறும் ஒரே கத்தியால் வெட்டுண்டன என்று சொல்கிறேன்.

அந்தத் தாள்

இனி, நான் ஒப்பமிட்ட அந்தத் தாளுக்கு வருகிறேன். 1956-இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987-இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், தன் வயிற்றை வெட்ட இசைவு தரும் தாளைத் தன் மொழியில் வாசிக்க முடியாமல் ஒரு தமிழ்த்தாய் ஒப்பமிட்டாள். திருத்தம் ஏட்டில் இருக்கிறது. என் கட்டிலுக்கு வரவில்லை.

தமிழிற் சொல்ல முடியாத விடயமா இது? 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்கு மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவர் மாணாக்கரும் தமிழாக்கிய நூல்களுட் பிரசவ வைத்தியம் பற்றியதும் ஒன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அந்நியர் தமிழில் நூலாக எழுதுவித்ததை, இன்று ஒரு பக்கத்தாளில் எழுத முடியாதா? முடியும், வேண்டும் என்ற எண்ணம் இல்லை. இது சிங்களத் தாய்க்கு எதிரான வழக்கன்று. தமிழ் மட்டும் வழங்கும் விடுதியிற் சிங்களத்தாய் ஒருத்தி கிடந்தால், அவளுக்கும் அவள் மொழியிற் சொல்லப்பட வேண்டும் என்றே கேட்பேன். சாவின் வாயிலில் நிற்பவளுக்கு அவள் தாய்மொழி ஓர் அரசியற் சலுகையன்று, அது மருந்து.

கேட்பது இவை

அரசாங்கத்திடம் கேட்கிறேன்: இசைவுத்தாள் மும்மொழியிலும் இருக்கட்டும், இரவிலும் அதை விளக்க ஒருவர் இருக்கட்டும். மருத்துவமாதர் வெற்றிடங்களை நிரப்பி, வீடு தேடி வருபவர் பிள்ளையோடு தாயின் காயத்தையும் பார்க்கச் செய்க. கமத்திலும் கூலியிலும் உழைக்கும் தாய்க்கு மகப்பேற்றுக் கால உதவி சட்டத்தால் கிடைக்கச் செய்க.

வைத்தியர்களிடம் கேட்கிறேன்: ஏன் வெட்டினோம், இனி என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது, எது கண்டால் ஓடிவர வேண்டும் என்பதைத் தாய்க்கும் அவள் வீட்டாருக்கும் சொல்லி அனுப்புங்கள். காய்ச்சல், சீழ், மிகுந்த இரத்தப்போக்கு, காலில் வீக்கம், மூச்சுத் திணறல்: இந்த ஐந்தையும் ஐந்து நிமிடத்திற் சொல்லலாம்.

கணவன்மாரிடம் கேட்கிறேன்: ஆறு வாரம் வாளியை நீங்கள் தூக்குங்கள். என் கணவர் தூக்கினார். கிணற்றடியில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவருடைய ஆண்மை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மாமிமாரிடமும் பெரியமாமிமாரிடமும் கேட்பது ஒன்றே. நீங்கள் எட்டுப் பெற்றதும், அந்த எட்டையும் வளர்த்ததும் பெருமை. அப்பெருமையை இன்னொருத்தியின் புண்ணில் வைத்துத் தேய்க்காதீர்கள். 'நோகாமற் பெற்றவள்' என்று சொல்ல வாய் எழும்போது, 'காயம் எப்படியிருக்கிறது, பிள்ளை?' என்று கேளுங்கள்.

சென்ற மாதம் அந்தக் கிணற்றடியில் வாளியை வாங்கிக்கொண்டேன். தண்ணீரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, திண்ணையில் அந்த மாமியின் பக்கத்தில் இருந்து, என் கதை முழுவதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர் எழுந்து உள்ளே போய், "பிள்ளை, நீ போய்ப் படு" என்றார்.

அந்தப் பெண் போய்ப் படுத்தாள். ஒரு வீட்டில் வழக்கு வென்றது. மற்ற வீடுகளுக்காக இதை எழுதினேன்.